கண்ணாடியில் ஒரு பொட்டு

அன்புள்ள தேச்சுவுக்கு,

உன்னைப் பெற்ற அவ்வா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நாயும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. அஸ்ஸாம் குளிரில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்க இக்குத்தப்ப சாமி பார்த்துக்கொள்ளட்டும். உன் கடிதம் வந்தது. ஊசியும் கையுமாக நீ வருவதைக் கண்டால் தோட்டத்துப் பிள்ளைகள் தேயிலைச் செடிக்குள் போய் ஒளிகிறார்கள் என்று எழுதியிருந்தாய், அதை அப்பா வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். காப்பி வீட்டில் பிறந்த டாக்டருக்குத் தேயிலைக்காரன் சம்பளம் கொடுக்கிறானே என்ற ஆற்றாமை மட்டும் அவருக்கு இன்னும் போகவில்லை. இங்கே மழை போவதுபோல் போய்த் திரும்பி வருகிறது. பழம் சிவந்துவிட்டது, பறிக்க ஆள் வரவில்லை. நாய்க்குக் காது மந்தமாகிவிட்டது. வாசலில் ஜீப் வந்து நின்றாலும் தெரிவதில்லை. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இப்போதெல்லாம் அநேகமாக அங்கேதான் இருக்கிறது.

அந்த வெடிச்சத்தத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். டிரங்க் கால் போடலாம், ஆனால் தபால் ஆபீசில் நான் வாயைத் திறந்தால் பின்னால் நிற்கிறவர்களெல்லாம் கேட்பார்கள், சாயங்காலத்துக்குள் அப்பாவின் காதுக்கும் வந்துவிடும். அவருக்குத் தெரியக் கூடாது. இதைப் படித்து முடித்ததும் நீ அவருக்கு ஒரு தந்தி கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன். ஏன் என்பதை முதலில் கேட்டுக்கொள்.

மேட்டு வீட்டுப் பெள்ளியப்பாவை உனக்கு அதிகம் தெரியாது. நீ வளர்ந்த காலமெல்லாம் அவன் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தான். போன வருடம் மனைவி பொள்ளவ்வாவோடு ஊரோடு வந்து சேர்ந்தான். வந்ததும் சர்வேயரைக் கூட்டிவந்து நிலத்தை அளந்தான். நமக்கும் அவனுக்கும் நடுவில் சரிவில் இருக்கிற ஊற்று அவன் பக்கம் வருகிறது என்று முள்கம்பி போட்டான். அப்பா கம்பியை அறுத்தார். விடிந்ததும் அந்த ஊற்றில் முகம் கழுவி ஒரு கை தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்தான் அவருக்கு அன்றைய நாள் தொடங்கும், உனக்குத் தெரியும். வீட்டில் குழாய் இருக்கிறதே என்றால் என்னை முறைப்பார். பெள்ளியப்பா மறுபடி கம்பி போட்டான். இவர் மறுபடி அறுத்தார். முப்பது வருடம் கடலையே பார்த்துக்கிட்டிருந்தவனுக்கு இந்த ஊத்தும் வேணுமாமா என்று இவர் கடைத்தெருவில் கேட்டதை யாரோ அவனிடம் போய்ச் சொன்னார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. போன வருடம் கைல்போத் பண்டிகையில் துப்பாக்கி பூஜை முடிந்து தேங்காய் சுடும் போட்டி நடந்தது. பெள்ளியப்பாவும் தன் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தான். சுட்டான். தேங்காய் அசையவில்லை. ஓர் ஆள் நீளம் தள்ளி இடதுபக்கத்துப் பலாவிலிருந்து இலை விழுந்தது. மறுபடி சுட்டான், மறுபடி இலை. மைதானம் அமைதியாகத்தான் இருந்தது, எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உன் அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "பெள்ளியப்பா சுடும்போது தேங்காய்க்குப் பின்னாடி போய் நின்னுக்குங்கப்பா. அதவிடப் பத்திரமான இடம் இந்தக் குடகுலயே கிடையாது" என்றார். சிரிப்பு அடங்கவே இல்லை. நானும் சிரித்தேன். பிறந்ததும் கையில் வில்லைக் கொடுக்கிற இடத்தில் ஒருவனுக்குச் சுடத் தெரியாது என்பது என்ன வார்த்தை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனான்.

இந்த மழைக்காலத்தில் விடிகாலையில் மேட்டிலிருந்து வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. கேட்டால் குரங்கு என்பான். குரங்கும் இருக்கத்தான் செய்கிறது. அதிலும் ஒரு கூத்து. அவன் இரண்டு குழலையும் அடுத்தடுத்து வெடிப்பான். ஒரு வெடி என்றால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு என்றால் சாவு என்பது கப்பலில் அவனுக்கு மறந்துபோயிருக்கும். ஒருநாள் கீழ்த்தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வெள்ளை உடுத்திக் குடை பிடித்துக்கொண்டு துக்கம் கேட்க மேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். காப்பி குடித்துக்கொண்டிருந்த பெள்ளியப்பாவே எழுந்து வந்து யார் செத்தது என்று கேட்டானாம். பொள்ளவ்வா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு, அக்கா, அவருக்கு யாராவது பக்குவமா எடுத்துச் சொன்னா தேவலை, நான் சொன்னா ஒரு வாரம் சாப்பிட மாட்டார் என்றாள்.

நான் ஊற்றுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு சில்வர் ஓக் நிற்கிறதே, அதன் பட்டையில் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓட்டைகள். எல்லாம் ஒரு கை அகலத்துக்குள். எனக்கு ஆச்சரியம். சுடத் தெரியாதவன் சுட்டால் ஒன்று வானத்தில் போகும், ஒன்று மண்ணில் போகும். இப்படி ஒரே இடத்தில் வந்து விழாது. இவன் கை நல்ல கை. நடுக்கம் இல்லை, மூச்சு அடங்கிய கை. கோளாறு கண்ணில். கையில் மூத்தது இளையது இருக்கிற மாதிரி கண்ணிலும் உண்டு. இவன் துப்பாக்கியை வலது தோளில் வைக்கிறான், மூத்த கண்ணோ இடது. வலது கண் குறி பார்க்கும்போது இடது கண் நடுவில் புகுந்து குழலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் எதைச் சுட்டாலும் ஓர் ஆள் நீளம் இடதுபுறம் தள்ளிப் போகும். இதைச் சரிசெய்ய ஒரு நிமிடம் போதும். அப்பா தினமும் போகிற வழியில் எங்கே போகும் என்று தெரியாத குண்டு பறப்பதைவிட, எங்கே போகும் என்று தெரிந்த குண்டு நல்லது என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பில் அப்போது ஒரு தவறும் தெரியவில்லை.

ஆனால் எப்படிச் சொல்வது. அதுவும் அவனைக் கேலி செய்த உத்தய்யாவின் மனைவி போய்ச் சொல்வதா. கல்யாணத்துக்கு முன்னால் நான் தேங்காய் சுட்டுப் பரிசு வாங்கினவள் என்பது அவனுக்கும் தெரியும், அது இன்னும் மோசம். அதனால் பொள்ளவ்வாவுக்குப் பன்றிக் கறிக்கு ஊற்றுகிற கச்சம்புளி கொடுக்கிற சாக்கில் போனேன். அவனைப் பார்க்காமல் அவளிடம் விளையாட்டாகச் சொன்னேன், இரண்டு கையையும் நீட்டி நடுவில் சின்னதாக ஓட்டை விட்டு அதற்குள்ளே அந்த விளக்கைப் பார், இப்போது ஒரு கண்ணை மூடு, விளக்கு இருக்கிறதா, அடுத்ததை மூடு. அவள் பார்த்துச் சிரித்தாள், வலது கண்ணை மூடினா விளக்கே காணலியே என்று. நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் அவன் கையும் மெல்ல நீண்டதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கும் ஒரு காலத்தில் இந்தத் தொல்லை இருந்தது, கண்ணாடி போடுகிறவர்களுக்கு ரொம்பச் சுலபம், மூத்த கண் பக்கத்துக் கண்ணாடியில் நடுவில் ஏதாவது ஒட்டிவிட்டால் போதும், அது வம்பு பண்ணாது என்று அவளிடமே சொன்னேன். எனக்கு அந்தத் தொல்லை என்றைக்கும் இருந்ததில்லை. அவன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் முன்னால் நீட்டினான். சுவர்க்கண்ணாடியில் பொள்ளவ்வா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்து இடதுபக்கக் கண்ணாடியில் நானே ஒட்டினேன். அரக்குச் சிவப்புப் பொட்டு. மூவரும் சிரித்தோம். போகும்போது சாவு வெடியையும் சொல்லிவிட்டேன், ஒரு குழலுக்கு மட்டும் தோட்டா போட்டால் ஊர்க்காரர்கள் வெள்ளை வேட்டி தேட வேண்டாமே என்று. சரிக்கா என்றான். நல்ல பிள்ளை மாதிரி.

இந்த வருடக் கைல்போத் வந்தது. துப்பாக்கிகளுக்குச் சந்தனம் வைத்து, குழல் முனையில் காந்தள் பூ செருகி, பன்றிக் கறியும் கடம்புட்டும் தின்று, எல்லாரும் மைதானத்துக்குப் போனோம். பெள்ளியப்பா கண்ணாடியில் பொட்டோடு வந்தான். அதைப் பார்த்தே பாதிப்பேர் சிரித்தார்கள். ஒரே தோட்டா போட்டான். தேங்காய் வெடித்துத் தண்ணீர் முன்வரிசையில் இருந்தவர்கள் மேல் தெறித்தது. முதல் குண்டு. கைதட்டினார்கள், தூக்கிக்கொண்டு ஆடினார்கள். எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அவன் நேரே அப்பாவிடம் வந்தான். துப்பாக்கி தோளில் இருந்தது. மெதுவாகக் கேட்டான்.

"உத்தய்யண்ணா, இப்போ எங்க நின்னா பத்திரம்?"

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். ஒரு தேங்காய் பாவம்னு தானா விழுந்துச்சு, அதுக்கு இவ்வளவு ஆட்டமா என்றார். பெள்ளியப்பா சிரிக்கவில்லை. பொட்டு இல்லாத கண்ணால் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். தேங்காயைப் பார்த்த மாதிரியே.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை, ஒரு சின்னக் கணக்கு. எதைச் சுட்டாலும் ஓர் ஆள் நீளம் இடதுபுறம் போகும் என்று நான்தான் கண்டுபிடித்தேன். குண்டெல்லாம் ஓக்கில் இருந்தது. அப்படியானால் அவன் ஓக்கைச் சுடவில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் ஓக்குக்கு ஓர் ஆள் நீளம் வலதுபுறம் என்ன இருக்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். குரங்கு ஏறுகிற மரம் இல்லை. மரமே இல்லை. ஊற்றங்கரைக் கல்தான் இருக்கிறது. அப்பா குனிந்து முகம் கழுவுகிற கல்.

ஒருவேளை நானாக நினைக்கிறேனோ என்று பல நாள் பேசாமல் இருந்தேன். போன வாரம் ஒரு தூக்குப் பாத்திரத்தில் கறி எடுத்துக்கொண்டு மேட்டு வீட்டுக்குப் போனேன். பெள்ளியப்பா முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். பொட்டு ஒட்டின கண்ணாடியோடுதான் பேப்பர் படிக்கிறான், கடைக்கும் அப்படியே போகிறான், கழற்றுவதே இல்லை. பொட்டு வாடினால் புதிது ஒட்டிக்கொள்கிறான். என் நெத்திக்கு இல்லாம பாக்கெட்டைத் தீர்த்துட்டார்க்கா என்றாள் பொள்ளவ்வா. சிரிக்க முயன்றாள். நான் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தேன். காப்பிக்கு நிழல் தருகிற மரங்களின் கிளையை மழைக்கு முன்னால்தான் கழிப்போம். பழம் சிவக்கிற நேரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். இங்கே வைத்திருக்கிறான். எல்லா மரத்திலும் இல்லை. நாற்காலியிலிருந்து ஒரு சந்து மாதிரி நேராகக் கீழே போகிறது. சந்தின் கடைசியில் அந்தக் கல். மழையில் நனைந்து பளபளவென்று, பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தது.

நான் பக்குவமாகவே இன்னொரு தடவை முயன்றேன். பெள்ளியப்பா, கண் இப்போது நன்றாகப் பழகியிருக்கும், இனிமேல் அந்தப் பொட்டை எடுத்துவிடலாம், விட்டால் அந்தக் கண் சோம்பேறியாகிவிடும் என்றேன். அவன் கண்ணாடியைக் கழற்றினான். சட்டை நுனியால் துடைத்தான், பொட்டின் மேல் படாமல் சுற்றிச் சுற்றி. திரும்பப் போட்டுக்கொண்டான்.

"வேண்டாம்க்கா. நீங்க முதல்ல சொன்னதே போதும்."

அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னான். பொள்ளவ்வா பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

அப்பாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும் என்பாய். அந்த வழியாகப் போகாதீர்கள் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். நான் சுத்திப் போனா அவன் சுடாமலே ஜெயிச்ச மாதிரி என்றார். முழுக்கதையையும் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். பூஜை அறையிலிருந்து துப்பாக்கியை எடுப்பார். அவருக்கு எந்தக் கண்ணிலும் கோளாறு இல்லை. பிறகு இரண்டு வீட்டிலும் இரட்டை வெடி கேட்கும். நம் தோட்டாக்களை அரிசிப் பானைக்குள் போட்டு மேலே அரிசி கொட்டி வைத்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர்களிடம் ஜாடையாகச் சொன்னேன், ஒருத்தன் நல்லா சுட்டா அதுவும் உங்களுக்குப் பொறுக்கலையா என்றார்கள். போலீஸ் வந்தால் குரங்கு என்பான். மரத்தில் கிளை இல்லை என்பதற்கு யாரைப் பிடிப்பார்கள்.

புத்தரி அறுவடைப் பண்டிகை வருகிறது. முதல் கதிரை இந்த வருடமும் அப்பாதான் அறுக்க வேண்டும். அறுக்கும்போது துப்பாக்கி வெடிக்கிற உரிமை போட்டியில் தேங்காய் சுட்டவனுக்கு என்பது நம் ஊர் வழக்கம். ஆக இவர் வயலில் குனிந்து நிற்பார், அவன் பின்னால் துப்பாக்கியோடு நிற்பான். நிலா வெளிச்சம், பொலி பொலி தேவா என்று எல்லாரும் கத்துவோம். வானத்தைப் பார்க்க வேண்டிய குழல். அதைக் கொஞ்சம் தாழ்த்த எவ்வளவு நேரம் ஆகும். கை தவறிவிட்டது என்றால் நம்புவார்கள். போன வருடம்வரை அவன் கை தவறத்தானே செய்தது, உன் அப்பாதானே அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

புத்தரிக்கு முன்னால் அவர் இங்கிருந்து கிளம்ப வேண்டும். உடம்பு சரியில்லை என்று எழுதாதே, வாயில் அப்படி வரக் கூடாது, அவரும் பயந்துவிடுவார். ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, நேரில் வந்து பார்த்துச் சொல்லவும் என்று கொடு. குடகுப் பையன் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள், அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிடுவார். வந்த பிறகு பையன் மாற்றலாகிப் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்ளலாம். நிஜமாகவே யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுது, திட்ட மாட்டேன். அவரை அங்கே இரண்டு மாதமாவது பிடித்து வை. தேயிலையைக் குறை சொல்லவே அவருக்கு அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் கம்பியோ ஊற்றோ, நான் பெள்ளியப்பாவிடம் பேசிக்கொள்கிறேன். ஊற்று அவனுடையதாகவே இருக்கட்டும். ஊறுகாய் ஜாடியை அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன், கண்ணாடி ஜாடி, மேலே துணி கட்டியிருக்கும், சாய்க்காமல் எடு. கம்பளிச் சட்டைக்கு உள்ளே பருத்தி போட்டுக்கொள். பிள்ளைகளுக்கு ஊசி போடுமுன் கையில் ஏதாவது தின்னக் கொடுத்துப் பழகு, ஓட மாட்டார்கள்.

காவேரம்மையும் நம் வீட்டு முன்னோரும் உன் கூடவே நடக்கட்டும். நீண்ட ஆயுளும் நிம்மதியும் உனக்கு. தந்தியை மறக்காதே.

உன் அவ்வா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன். மேட்டிலிருந்து ஒரு வெடி. ஒன்றுதான். நாய் கட்டிலுக்கு அடியில் போனது. அப்பா ஊற்றுக்குப் போயிருந்தார். நான் வாசலில் நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வந்துவிட்டார். தலையில் தொப்பி இல்லை, கையில் இருந்தது. கல் நனைந்து கிடந்ததால் இன்றைக்குத் தொப்பியை அந்த ஓக்கில் மாட்டினாராம். சிரிக்கிறார். அவன் மாறவே இல்லடி, இன்னும் ஓர் ஆள் நீளம் இடது பக்கம்தான் போகுது, என்னைச் சுட்டுத் தொப்பியில பட்டுச்சு பாரு என்கிறார். தொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஓட்டை நட்டநடுவில் இருக்கிறது. உச்சியில், அளந்து வைத்த மாதிரி. பொட்டு ஒட்டின பிறகு அவன் குண்டு இடது பக்கம் போகாது, தேச்சு. அவன் தொப்பியைத்தான் சுட்டிருக்கிறான்.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தேன். இந்தக் கடிதத்தை இப்போதே பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். நீ தந்தி அடித்து அவர் கிளம்புகிறவரை தினமும் நானும் அவரோடு ஊற்றுக்குப் போவேன். கல்லுக்கும் மேட்டுக்கும் நடுவில் நின்றுகொள்வேன். பெள்ளியப்பா என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவனுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. நிற்பது யார் என்று தெரியும்.